கேமுக்குள்ளே ஒருத்தி

"இவ யாருன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

தங்கலட்சுமி செல்போனைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ஒரு பெண் கையில் துப்பாக்கியோடு நின்றிருந்தாள். உக்கிரபாண்டி சோற்றுத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அது கேம்ல வர்ற பொம்ம" என்றான்.

பொம்மையென்றால் அவளும் அதோடு விட்டிருப்பாள். ஆனால் அந்தப் பெண்ணின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்கியது. இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. பொம்மை வரைகிறவன் எவனாவது புருவத்தைக் கோணலாக வரைவானா?

எம்.ரெட்டியபட்டியில் இந்த விவரமெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமல், பரளச்சியிலிருந்து தம்பி மாரிசெல்வத்தை வரவழைத்தாள். பெண் தேடித் தேடி அமையாமல் முப்பது தாண்டியும் தனியாக இருப்பவன். பருத்திக்காட்டு வேலை போக மீதி நேரமெல்லாம் அவனுக்கு கேம்தான்.

போனை வாங்கிப் பார்த்தவன், தோளில் கிடந்த துண்டால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பிறகு விளக்கினான். முன்பெல்லாம் கேமில் வரும் ஆட்கள் மைதா மாவில் பிடித்துவைத்தது போல இருப்பார்கள். இப்போது அப்படியில்லை. போன் கேமராவுக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினால் போதும். தோலில் இருக்கும் பொடிக்குழி முதற்கொண்டு அப்படியே எடுத்துக்கொள்ளும். முடியையும் உடுப்பையும் மட்டும் எடுக்காது; அதையெல்லாம் கேமே புதிதாகப் போட்டுவிடும்.

"அப்ப இவ நெசமான ஆளா?"

"நெசமான ஆளுதான்க்கா. மச்சான் போனுக்கு முன்னாடி உக்காந்து மொகத்தத் திருப்பித் திருப்பிக் காட்டிருக்கா."

அந்தத் திருப்பித் திருப்பிக் காட்டியதைத்தான் தங்கலட்சுமியால் தாங்க முடியவில்லை.

வரப்புத் தகராறில் நாலு பேரை ஒற்றை ஆளாக விரட்டிய முறுக்குமீசை உக்கிரபாண்டி, மைத்துனன் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மாரிசெல்வத்துக்கு அக்காவைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. கல்யாணமான ஆளுக்கு இவள் எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கேட்டுக் கேட்டுக் கடைசியில் அழுதே விட்டான். தம்பிக்குத் தன்மேல் இத்தனை பாசமா என்று தங்கலட்சுமி உருகிப் போனாள்.

இதில் அவளுக்கே புரியாத ஒன்று இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் வரவேண்டிய வெறுப்பு வரவில்லை. எங்கோ பார்த்துப் பழகியவள் போலவே இருந்தாள்.

பாளையம்பட்டியில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சுகப்பிரியாவாக இருக்குமோ என்று சந்தேகம் தட்டியது. உக்கிரபாண்டி அங்கேதான் அடிக்கடி போனுக்கு கவர் மாற்றுவான். அக்காவும் தம்பியும் டவுன் பஸ் ஏறிப் போய், போனை அவள் முன்னால் வைத்தார்கள்.

சுகப்பிரியா கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, நகை பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய தாடையா எனக்கு? நல்லாப் பாருங்கக்கா. இந்தத் தாடை உங்க வீட்டுக்காரவுக வகையறாவுக்குத்தான் இருக்கும்."

தங்கலட்சுமி போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அவன் வகையறா என்றால் அத்தை மகளாகத்தான் இருக்க வேண்டும். முறைப்பெண். அவள் எவளோ, எந்த ஊரோ, இனி விசாரிக்கவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, தம்பியோடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். சற்று நேரத்தில் உக்கிரபாண்டி கைலியும் பனியனுமாக ஓடி வந்தான். மூச்சு வாங்க அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மைத்துனனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அஞ்சே நிமிசம் இரு. வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்தான்.

பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிற நேரத்தில் ஒரு மனிதனுக்கு முடிவெட்டத் தோன்றுமா என்று அவள் தம்பியிடம் பொருமினாள்.

சலூன் கதவு திறந்தது. அந்தப் பெண், கைலியும் பனியனுமாக ரோட்டைக் கடந்து வந்தாள்.

தங்கலட்சுமி கையிலிருந்த போனைப் பார்த்தாள். எதிரே வந்து நின்ற, மீசையில்லாத முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"ஆம்பளையா கேமுக்குள்ள போனா ஒரு பய சீந்த மாட்டேங்கான்" என்றான் உக்கிரபாண்டி, வெறும் மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டு. "பொம்பளையா போனா ஆளாளுக்குத் துப்பாக்கி தாரான். இத வெளிய சொன்னா ஊருக்குள்ள நடமாட முடியுமா? அதுலயும் ஒரு கிறுக்கன், கல்யாணம் பண்ணிக்கிடுவோம், கல்யாணம் பண்ணிக்கிடுவோம்னு தெனமும் என் உயிர எடுக்கான்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, "கேட்டியாலே இந்தக் கூத்த?" என்று தங்கலட்சுமி தம்பி பக்கம் திரும்பினாள்.

மாரிசெல்வம் அங்கே இல்லை. எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.