பத்து விரல் நகம்

“கட்டிப் போட்டுத்தானே வெட்டுனே?”

மகன் கோகுலின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் சசிகலா. பத்து விரலிலும் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“ஐயோ, இல்லீங்கக்கா” என்றாள் மலர். துணி சுற்றியிருந்த தன் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “சின்னம்மா போய்ட்டு வாரேன் சாமி” என்று கோகுலின் தோளைத் தொட்டாள்.

“சின்னம்மாவா? எம் பையனுக்கு அப்பிடி எவளும் கெடையாது.”

மலர் கிளம்பத்தான் பார்த்தாள். கோகுல் அவள் சேலை நுனியை விடுவதாக இல்லை.

கோகுல் ஆட்டிசம் உள்ள பிள்ளை. நகவெட்டியைக் கண்டாலே ஏற்காடு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறுவான். அவன் அயர்ந்து தூங்கும்போது ஒரு விரல், இரண்டு விரல் என்று திருட்டுத்தனமாக வெட்டித்தான் சசிகலாவுக்குப் பழக்கம்.

மலர், சசிகலாவின் புருஷன் சிவக்குமார் நாகலூரில் சேர்த்துக்கொண்டவள். சனிக்கிழமையானால் கோகுல் அப்பனோடு அந்த வீட்டுக்குப் போய்விடுவான். இந்த வாரம் சிவக்குமார் வேன் சவாரிக்குப் போய்விட, மலரே அவனை பஸ்ஸில் முகாமுக்குக் கூட்டி வந்திருந்தாள். சசிகலாவோடு வந்தால் பஸ்ஸில் ரகளை பண்ணுகிறவன் மலரோடு சமர்த்தாக வந்து இறங்கினான். புருஷனைக் கொண்டுபோனபோதுகூட சசிகலாவுக்கு வயிறு இப்படி எரியவில்லை. அந்த எரிச்சலுக்கு எந்த முகாமிலும் மாத்திரை கொடுப்பதில்லை.

பதினெட்டு வயது முடிந்து சிறப்புப் பள்ளியை விட்டு வரும் பிள்ளைகளுக்கான முகாம் அது. மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் சேலத்திலிருந்து அதிகாரிகள் மலையேறி வந்திருந்தார்கள். கோகுல் பள்ளியில் இருந்த பகல்களில் சசிகலா ஓட்டலில் வேலை பார்த்தாள். இனி அதற்கும் வழியில்லை. அந்த உதவித்தொகைதான் இனிமேல் சோறு.

அவள் முறை வந்தது.

“ஏனுங்க மேடம், இந்தப் பணம் ஆரு கைக்குங்க வரும்?”

“பையனுக்கு யார் காப்பாளரோ அவங்க கைக்கு வரும்மா. பதினெட்டு ஆயிட்டா, பெத்தவங்களா இருந்தாலும் காப்பாளர்னு எழுதி வாங்கணும்.”

“வேற எவளும் உரிமை கொண்டாடிட்டு வர முடியாதுங்களே?” குரலை உயர்த்தியே கேட்டாள். மலரின் காதில் விழ வேண்டுமே!

“முடியாதும்மா.”

ஜெயித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தாள் சசிகலா. சில்வர் ஓக் மரத்தடியில் கோகுல், மலரின் விரலைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தான். தனக்குக் கையில் கொதி எண்ணெய் கொட்டியபோதுகூடத் திரும்பிப் பார்க்காத பிள்ளை!

“இங்க வாடி. கையில என்ன?”

மலர் தயங்கித் தயங்கி வந்து, துணியை அவிழ்த்துக் கையை நீட்டினாள். நகங்கள் கோணல் மாணலாக இருந்தன. இரண்டு விரலில் ரத்தம் உறைந்திருந்தது.

“நீங்க வைவீங்கன்னுதான் சொல்லலீங்கக்கா. நகவெட்டிய அவங்கிட்டயே குடுத்து, மொதல்ல எனக்கு வெட்டி உடு சாமின்னேன். கொஞ்சம் சதையும் சேந்து வந்துருச்சு. நான் சத்தம் போடாம இருந்தேனுங்க. அப்பறம் அவனே கைய நீட்டுனான்.”

இத்தனை வருஷத்தில் தன் கையை நீட்டத் தனக்கு ஏன் தோன்றவில்லை? சசிகலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“போ, போய் அவங்கிட்ட நில்லு” என்று விரட்டினாள்.

அதிகாரி கேட்டார்: “இப்போதைக்கு நீங்க காப்பாளர். உங்க காலத்துக்கு அப்புறம் யாருன்னு ஒரு பேர் சொல்லுங்க. அப்பா பேரைப் போட்டுடவா?”

“வேண்டாமுங்க. அவரு கைக்குப் போனா அன்னைக்குச் சாயங்காலமே தீந்துருமுங்க.”

“அண்ணன் தங்கச்சி?”

“இல்லீங்க. ஒத்தப் பையன்.”

“யாராவது ஒருத்தர் வேணுமேம்மா.”

சசிகலா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மரத்தடிப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“மலர்னு எழுதுங்க.”

“அவங்க பையனுக்கு என்ன வேணும்?”

“சின்னம்மாங்க.”