ஞாயிற்றுக்கிழமைப் பின்னல்

பள்ளியின் பெண்கள் விடுதிக்கு வரலாறு எழுத, பழைய மாணவிகள் மூவர் அதன் படுக்கைக் கூடத்தில் கூடியிருந்தார்கள். இன்றும் அந்தக் காலப் பட்டப்பெயர்களில்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கட்டில்கள் போய்விட்டன, தரையில் அவற்றின் கால் தடங்கள் மட்டும் இருந்தன.

"வார்டன் மிஸ் இல்லாம என்னடி வரலாறு?" என்றாள் குண்டு. "ஞாயித்துக்கிழமை யாரைப் பார்க்க வீட்டு ஆள் வரலையோ, அவளை உட்கார வச்சுத் தலை பின்னி விடுவாங்களே."

"எங்கம்மா வந்து நின்னா எனக்குக் கோபமா வரும், மிஸ் பின்னல் போச்சேன்னு" என்று சிரித்த நெட்டை, மூன்றாமவளிடம் திரும்பினாள். "உம்மணாமூஞ்சி, உனக்குத்தான் ஒரு வாரமும் ஆள் வராதே. கொடுத்து வச்சவ."

"எனக்கு ஒரு தடவைகூடப் பின்னினதில்லை."

கதவோரம் நின்று, அந்த விரல்கள் தன் தலைக்கும் வராதா என்று ஏங்கியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்படி என்ன வஞ்சம் உன்மேல?" என்றாள் நெட்டை. " மிஸ் எங்கேன்னு தேடிப் பிடிச்சு நேராவே கேட்டுடலாம்."

"எங்க வீட்டுலதான் இருக்காங்க."

இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"அப்பா போனப்புறம் அம்மாவுக்குக் கிடைச்ச வேலை அது. சொந்தப் பொண்ணுக்குச் சலுகைன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, பெத்ததையே மறைச்சுட்டாங்க. நானும் உங்களை மாதிரி மிஸ்னே கூப்பிட்டேன்."

குண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஆசை தீர அம்மான்னு கூப்பிடலாமே."

"கூப்பிடுறேன். வயசாச்சு, மறதி. மிஸ்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்க்குறாங்க."