யாருடைய பொட்டலம்

"உங்கள் கணவர் கஞ்சா புகைப்பதை எப்போதாவது கண்டிருக்கிறீர்களா?" என்று யோகராஜாவின் வழக்கறிஞர் கேட்டார்.

விக்ரோறியாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் விநாயகமூர்த்தி அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை சாட்சிக் கூண்டில் காத்து நின்றாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, முயல் வேட்டைக்குப் போன வழியில் பொலிஸ் அவள் கணவன் யோகராஜாவின் வான் வண்டியை மறித்தது. டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு கஞ்சாப் பொட்டலம். கஞ்சா புகைப்பவன் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவன் என்று உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். அதை எதிர்த்துத்தான் இந்த முறையீடு.

"துப்பாக்கியைப் பிறப்புரிமையாக எழுதிக்கொடுத்த நாடல்ல இது. ஒத்துக்கொள்கிறேன்," என்று வழக்கறிஞர் காலையில் வாதாடியிருந்தார். "ஆனால் ஒரு பொட்டலத்தை வைத்து ஒரு மனிதனைத் தீர்மானிக்கலாமா? அவன் புகைப்பவன் என்றே வைத்துக்கொள்வோம். துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கையில் யாருக்கு என்ன ஆபத்து?"

உம்முடையது இல்லையென்றால் யாருடையது என்று நீதிபதி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் யோகராஜா தரையைப் பார்த்தான்.

அன்று வானில் இரண்டு பேர் இருந்தார்கள்.

மற்றவள் சவிதா. விரி என்ற புறநகரில் அவனோடு ஒரே கிடங்கில் வேலை செய்யும் பீஜிக்காரி. நெடிய பெண். குறி தப்பாதவள் என்று யோகராஜா சாப்பாட்டு மேசையில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். அவளிடமும் துப்பாக்கி உரிமம் இருந்தது. அடுத்த சாட்சி அவள்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தாள்.

அவள் உரித்துச் சுத்தம் செய்து அனுப்பும் முயலைத்தான் விக்ரோறியா கறியாக்குவாள்.

ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது வானின் முன் இருக்கை பின்னுக்குத் தள்ளியிருக்கும். விக்ரோறியா குட்டை. வாராவாரம் வாய் திறக்காமல் அதை முன்னால் இழுத்துக்கொள்வாள்.

யோகராஜா ஒரு சிகரெட்டைத் தொட்டவனில்லை. சாம்பிராணிப் புகைக்கே இருமுவான். தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்குதான் அவன் உட்காரும் இடம்.

இல்லை என்று சொன்னால் அது உண்மை. துப்பாக்கி திரும்பி வரும். சனிக்கிழமைகளும் திரும்பி வரும்.

"அக்கா, ஓம் எண்டோ இல்லையெண்டோ ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோவன். காணும்," என்று விநாயகமூர்த்தி கிசுகிசுத்தார்.

சத்தியம் செய்ய வேதாகமத்தில் வைத்த கையைக் கூண்டின் விளிம்பிலிருந்து எடுத்தாள்.

"ஓம்," என்றாள். "வேட்டைக்குப் போற ஒவ்வொரு சனிக்கிழமையும் புகைப்பார்."

வழக்கறிஞர் தன் பேனாவை மூடிவைத்தார். பிறகு முறையீட்டைத் திரும்பப் பெறுவதாக நீதிபதியிடம் சொன்னார். சவிதாவை யாரும் கூப்பிடவில்லை.

கணவனின் கோபத்தைத் தாங்கத் தயாராகி விக்ரோறியா தலையை நிமிர்த்தினாள்.

அவன் இவளைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை மெல்ல விட்டான். பார்வை கண்ணாடிக் கதவுக்குப் போனது.

கார் நிறுத்துமிடத்தில்தான் அவளருகே வந்தான்.

"நீர் அப்பிடிச் சொன்னது நல்லதாப் போச்சு. இனி அது ஆரின்ரை எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

வானின் கதவைத் திறந்தான். அவள் ஏறுமுன் குனிந்து, முன் இருக்கையைத் தானே முன்னால் இழுத்துவிட்டான்.