கைநாட்டு

"திருட்டுப் பயலுக்காகவா இருபத்திரண்டு நாளு பட்டினி கெடந்தோம்?"

பொன்னி போட்ட சத்தத்தில், உப்பள கேட் முன்னால் நின்ற கூட்டம் மொத்தமும் கலியன் பக்கம் திரும்பியது.

கணக்குப்பிள்ளை கையிலிருந்த காகிதத்தை இன்னொரு தரம் படித்தார்.

"ரெண்டு மூட்டை உப்பு எடுத்தது உண்மைதான். முதலாளி மன்னிக்கணும். நானே வேலையை விட்டு நின்னுக்கறேன். இப்படிக்கு, கலியன்."

கீழே கைநாட்டு.

"ஏம்பா, இது உன் ரேகைதானா? மிரட்டி வாங்கினாங்களா?" குழந்தைசாமி கேட்டார். இருக்கிறதிலேயே வயசான தொழிலாளி அவர்.

"யாரும் மிரட்டல. நான்தான் வெச்சேன்."

கலியன் தலை நிமிரவில்லை.

சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்களுக்கு, குடிக்கத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று முதலாளியிடம் போய்க் கேட்டவன் அவன்தான். அடுத்த வாரமே, மூட்டை திருடினான் என்று சொல்லி அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அபாண்டம் என்று நூற்றுப் பத்துப் பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

சுனாமியில் பாத்தியெல்லாம் சேறு ஏறி, அந்த வருஷம் சீசனே லேட்டாகத்தான் ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் வாரினால்தான் வருஷத்துக்குச் சோறு. அதிலும் இருபத்திரண்டு நாள் போய்விட்டது. சங்கம் ஊற்றிய கஞ்சியும் நாலு நாளாக இல்லை. திங்கட்கிழமை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கப் போகிறார்கள் என்று பேச்சு.

நடுவில் ஒருநாள் முதலாளி சொல்லி அனுப்பினார். "கலியன் வேணாம். மத்தவங்க வரலாம்."

"அவன் இல்லாம ஒருத்தரும் உள்ள கால் வைக்க மாட்டோம்" என்று அன்றைக்கு முதலில் கத்தியவள் பொன்னி. அப்போது அவள் இடுப்பில் இருந்த குழந்தை, இப்போது ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றிக் கிடக்கிறது.

"எம்புள்ளை சுருண்டு கெடக்குதுடா! எல்லாம் உனக்காக!"

குனிந்து மண்ணை வாரி அவன் மேல் வீசினாள். கலியன் துடைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்று எல்லோரும் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"அவனே எழுதிக் குடுத்துட்டான். இனிமே நாம பேச இன்னா இருக்குது? ஸ்ட்ரைக் வாபஸ். நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போங்க."

கலியன் நின்ற பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

வீட்டில் சரஸ்வதி மட்டும் விடவில்லை.

"எடுத்தேன்னா அந்த மூட்டை எங்க? யாருகிட்ட வித்த? எனக்குத் தெரியாம எப்படி எடுத்த?"

"எடுத்தேன். விடு."

அதற்குப் பிறகு அவளும் அவனிடம் பேசவில்லை.

மறுநாள் காலை, ஈ.சி.ஆரில் புதுச்சேரி பஸ்ஸுக்கு நின்றார்கள். துணி மூட்டையோடு சரஸ்வதி தள்ளிப் போய் ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டாள். கலியனைக் கண்டதும், டீக்கடை பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் எழுந்து போனார்கள்.

தெய்வசிகாமணி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"எல்லாரையும் சேத்துக்கினாங்களாண்ணே?"

"ஒரு பேரும் விடல. குழந்தைசாமியைக்கூட சேத்துக்கினாங்க."

"பொன்னி?"

"வந்துட்டா. புள்ளை நேத்து ராத்திரி பால் குடிச்சுதாம்."

கலியன் தலையாட்டினான்.

"எழுதிக் குடுங்கன்னு நீ வந்து நின்னப்பவே நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்டா." தெய்வசிகாமணி தலையில் அடித்துக்கொண்டார். "எடுக்காத மூட்டையை எடுத்தேன்னு என் கையாலயே எழுதிட்டேனே."

"நீங்க எழுதலன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க. திங்கக்கெழம அந்த லாரி வந்திருந்தா, அத்தனை குடும்பமும் தெருவுல நின்னிருக்கும்ணே."

"சரஸ்வதிகிட்டயாவது சொன்னியா?"

"இங்க சொன்னா நேரா பொன்னி வூட்டுக்குச் சண்டைக்குப் போயிடுவா. புதுச்சேரி போயி சொல்லிக்கறேன்."

"அங்க வேலைக்கு இன்னா பண்ணுவ?"

"மூட்டை தூக்கத் தெரியும். பாத்துக்கலாம்."

பஸ் வந்துவிட்டது. சரஸ்வதி முன்பக்கமாக ஏறிக்கொண்டாள். தெய்வசிகாமணி கலியனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாரம் போகட்டும்டா. கூட்டத்தைக் கூட்டி உண்மையைச் சொல்லிடறேன். உன்னைத் திருடன்னு பேசறதை என்னால கேட்டுக்கினு இருக்க முடியாது."

கலியன் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம்ணே! தெரிஞ்சா எல்லாரும் மறுபடியும் வெளிய வந்துடுவாங்க."