குறுக்கே நின்றவள்

"தள்ளுங்க அண்ணி. என் அண்ணனைப் பார்க்க உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியே திரும்பிப் பார்த்தது. மூளையும் மனசும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கான பிரிவு அது. அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள் அண்ணி.

"இன்னைக்கு வேண்டாம் பாப்பா. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"ரெண்டு வருஷமா இதையேதானே சொல்றீங்க!"

உண்மைதான். போன் செய்தால், 'தூங்குறார்'. வீட்டுக்குப் போனால், 'இப்பத்தான் வெளியே போனார்'. உள்ளே அவர் இருமுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். அண்ணி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொல்வாள்.

தங்கை சும்மா இருப்பாளா? சித்தி, பெரியம்மா, அத்தை என்று ஒருவர் விடாமல் சொல்லி அழுதாள். "கூடப் பிறந்தவளையே அண்டவிட மாட்டேங்கிறா. கல் நெஞ்சுக்காரி!" அதற்கப்புறம் சொந்தபந்தம் எதுவும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்த விஷயமே மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அழுமூஞ்சியாக உள்ளே வருகிறவர்களையும் சிரிக்கவைத்து அனுப்புவார். அவளுடைய குழந்தை காய்ச்சலில் போனபோது வீட்டில் ஆளாளுக்கு அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பரீட்சை நேரம், லீவு கிடைக்காது என்று அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தாள்.

அண்ணன் ஒருத்தர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்மேல தப்பே இல்ல பாப்பா" என்றார். அவள் ஒரு வாய் சாப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள்.

அந்த மனிதரையா பார்க்கக் கூடாது?

அண்ணியின் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் அண்ணன். சுத்தமாகச் சவரம் செய்த முகம், வெளுத்த சட்டை. அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வந்துட்டியா பாப்பா!"

"அண்ணா..." ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை அனலாக் கொதிக்குது, வேலைதான் பெருசுன்னு போனவதானே நீ?"

மழை வருமா என்று கேட்பதுபோல, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணா?"

"நீ வீட்ல இருந்திருந்தா அது பிழைச்சிருக்கும். நீதான் கொன்னுட்டே."

"என்னங்க, போதும்!" அண்ணி பாய்ந்து வந்து நடுவில் நின்றாள். அவர் அவள் கையைப் பிறாண்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "நீதான்! நீதான்!"

எப்படி வெளியே வந்தாள் என்று தங்கைக்கே தெரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா அவர் மனசுல இதுதான் இருந்திருக்கு, இல்ல டாக்டர்?"

"அப்படி நினைக்காதீங்கம்மா. மூளையோட முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்குற வியாதி இது. எதைச் சொன்னா அடுத்தவங்களுக்கு வலிக்கும்னு யோசிச்சு நிறுத்துற இடமே அதுதான். அது போயிட்டா, எவரோ எப்பவோ சொல்லிக் காதுல விழுந்ததுகூட வெளியே வந்துடும். அவரே நம்பினதுன்னு அர்த்தம் இல்ல."

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே..."

"ஆரம்பத்துல யாருக்குமே தெரியலையே. கடைக்கு வந்தவங்களை, 'இந்த மூஞ்சிக்கு எந்தக் கண்ணாடி போட்டு என்ன?'ன்னு கேட்டிருக்கார். எல்லாரும் திமிர்னு நினைச்சாங்க. உங்க அண்ணிதான், 'இவர் இப்படிப்பட்டவரே இல்ல, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு'ன்னு கையோட கூட்டிட்டு வந்தாங்க."

"குணமாயிடுமா?"

"பழைய மனுஷரா ஆக மாட்டார். அமைதியா வச்சுக்கப் பார்க்கலாம்." டாக்டரம்மா எழுந்தார். "அந்த அம்மாவை நினைச்சாத்தான் எனக்குக் கவலை. பாவம், உங்களைத் தவிர சொந்தம்னு யாரும் இல்ல போல. அவங்க கொஞ்சம் கண்ணசர, மாத்தி உட்காரக்கூட ஒருத்தரும் வந்து நான் பார்க்கல."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாதா?

அறையிலிருந்து அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் நகம் பட்ட கீறல்கள். புதுசும் பழசுமாக.

"எப்போலேர்ந்து அண்ணி இப்படி?"

"ஒருநாள் இதைச் சொல்றதுக்குன்னே உனக்கு போன் போட்டார். நீ எடுக்கிறதுக்குள்ள பிடுங்கிட்டேன். அதுலேர்ந்து தினமும், 'பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்'னு ஒரே பிடிவாதம்."

"உடம்பு சரியில்லைன்னாவது ஒரு வார்த்தை..."

"சொன்னா நீ அடுத்த பஸ்லயே வந்து நின்னிருப்பே."

தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஊரெல்லாம் உங்களைக் கரிச்சுக் கொட்டினேனே அண்ணி! 'இதுக்காகத்தான் உன்னை வரவேண்டாங்கிறேன்'னு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அண்ணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எதுக்காகன்னு சொல்லணும்னா, அந்த வார்த்தையை நான் என் வாயால உன்கிட்ட சொல்லணுமே பாப்பா."