மங்களேஸ்வரியின் குரல்

பெரிய துணிக்கடைகளோடு போட்டி போட்டு மாளாமல், திண்டுக்கல் தையல்கடை மங்களேஸ்வரியும் ஆளைப் போலவே பேசும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை வாங்கி வைத்தாள். அவள் குரலிலேயே அது வாடிக்கையாளர்களைத் தினமும் போனில் அழைத்து, நலம் விசாரித்து, பண்டிகைக்குத் துணி தைக்க நினைவூட்டியது. யாரிடம் என்ன பேசுகிறது என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. தையல் அவ்வளவு குவிந்தது. ஆறு மாதமாக எதுவும் தைக்கக் கொடுக்காதவர்களை மட்டும் அது தானாகவே அழைக்காமல் விட்டுவிடும்.

டிசம்பரில் ஒரு காலை ஜோஸ்பின் கடைக்கு வந்தாள். மாதா கோயிலில் மகள் முதன்முதலாக அப்பம் பெற்ற புதுநன்மை நாளுக்கு இங்கேதான் வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்திருந்தாள்.

“ஒரு வாரமா நீங்க கூப்பிடவே இல்லையேக்கா. எம்மேல கோவமா?”

கருவி அவளை விட்டுவிட்டது என்று மங்களேஸ்வரிக்குப் புரிந்தது.

“ஐயோ, கோவமெல்லாம் இல்ல. தொண்டை கட்டிக்கிச்சு. உட்காரு.”

ஜோஸ்பின் முகம் தெளிந்தது. “உங்க குரலைக் கேக்காம தூக்கமே வரலக்கா.”

மங்களேஸ்வரி கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்தாள். “கிறிஸ்துமஸ் வருதே, பாப்பாவை ஏன் கூட்டிட்டு வரல? வளர்ந்திருப்பா, புதுசா அளவு எடுக்கணும்ல?”

ஜோஸ்பின் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“நீங்க தச்ச அந்த வெள்ளைக் கவுனைப் போட்டுத்தானேக்கா அவளை அடக்கம் பண்ணினோம். அதை உங்ககிட்ட சொல்லிச் சொல்லித்தானே தினமும் போன்ல அழுதேன்?”

மேசையோரத்தில் கருவி, மங்களேஸ்வரியின் குரலில், வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது.

“சாப்பிட்டியா, கண்ணு?”