நாலு விரல்

துறைமுகத்தை ஒட்டிய பழைய உப்புக் கிடங்குதான் திமிங்கிலக் காட்சிச்சாலை. கூரையின் கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயிலில் நாற்பதடி எலும்புக்கூடு கம்பிகளில் தொங்குகிறது. திருவண்ணாமலையிலிருந்து வந்த உண்ணாமலை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறாள். தரையிலுள்ள அம்புக்குறி வலப்பக்கம் போகச் சொல்கிறது. மலை சுற்றிப் பழகியவள் கணவன் அப்பாதுரையை இடப்பக்கம் இழுக்கிறாள். “அம்பு இந்தப் பக்கம்மா!” என்கிறார் காவலர். “இம்மாம் பெருசைப் போய் இடமாவா சுத்தறது? வலமாவே வர்றோம், வுடுங்க.”

அப்படிச் சுற்றுவதால் எலும்புக்கூடு அப்பாதுரையின் வலக்கைப் பக்கம் வருகிறது. நிலக்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, உடைக்கிற மிஷினில் ஒரு விரல் போன அந்தக் கையை ஏழு மாதமாகத் துண்டால் சுற்றி மறைத்தே வைத்திருக்கிறான். சாப்பிடும்போதுகூட அவளுக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறான். இப்போது அவன் தோளுயரத்தில் திமிங்கிலத்தின் துடுப்பு நிற்கிறது. சதை இருந்தவரை அது வெறும் தட்டைத் துடுப்பு. உள்ளே பார்த்தால் முழங்கை, மணிக்கட்டு, கணுக்கணுவாக நீளும் விரல்கள். விரல்களை ஒரே தோல் உறைபோல் மூடியிருந்ததால் கையே துடுப்பாகிக் கடலில் திசை திருப்பியிருக்கிறது. உண்ணாமலை எண்ணுகிறாள். “நாலுதான் இருக்குது. ஒண்ணு எங்கங்க?” “இந்த ஜாதிக்கு நாலுதாம்மா” என்கிறார் பின்னாலேயே வந்த காவலர். “இதுவும் மல்லாட்டை மிஷின்ல வுட்டுடுச்சோன்னு பார்த்தேன்.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். துண்டுக்குள் கை அசைகிறது. மெல்லத் துண்டு பிரிகிறது. அப்பாதுரை தன் கையைத் துடுப்பெலும்புக்கு நேராக விரித்துப் பிடிக்கிறான். வெயில் இரண்டின் மேலும் விழுகிறது. “கடல்ல ஏதுடி மிஷினு?” என்று சிரித்தபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறான்.